பல கணினிகளும் ஓர் இசைப்பேழையும்

ஒலியானது தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்பினது. கல்லிற் பொறித்ததும் ஓலையிற் கீறியதும் நெடுங்காலம் நிற்கும். வாயினின்று எழுந்த பாட்டோ காற்றோடு கலந்து போகும். இவ்வுண்மையை நம் நாட்டார்க்கு நன்குணர்த்தியவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் (1892–1947). பண்டைத் தமிழர் மீட்டிய யாழின் இசையை அறிய விரும்பிய அடிகளார்க்கு எஞ்சிக் கிடைத்தவை பெயர்களும் இலக்கணக் குறிப்புக்களுமே. குரல், துத்தம், கைக்கிளை முதலாய பெயர்கள் சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் இருந்தன. அவ்விசையைக் கேட்ட செவி ஒன்றேனும் இருந்திலது. ஆதலின் அடிகளார் கணிதத்தின் துணைகொண்டு பல்லாண்டு ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை அரங்கேற்ற வேண்டியதாயிற்று. ஒலி அழிந்தபின் பெயரினின்று அதனை மீட்பது எத்துணை அரிய செயல் என்பதற்கு அந்நூலே சான்றாகும்.

இன்று நிலைமை முற்றிலும் மாறியுள்ளது. கூத்துக் களரியைச் சூழ்ந்து நிற்போர் பலரின் கையிலும் ஒலியைப் பதியவல்ல கைத்தொலைபேசி உள்ளது. பதிந்த பாட்டு அன்றிரவே ஒரு கணினிக்கும், மறுநாள் இன்னொரு கணினிக்கும், மறுவாரம் கடல் கடந்த உறவினர் கைக்கும் செல்கின்றது. ஆயினும் அவ்வாறு செல்லுந்தோறும் பாடியவர் பெயரும், பாடிய ஊரும், பாடிய நாளும் அதனினின்று உதிர்ந்துவிடுகின்றன. சில வேளைகளில், பொருள் விளங்காது அழுத்திய ஒரு பொத்தானால் தொகுதி முழுவதுமே அழிந்துபோதலும் உண்டு. அன்று பெயர் எஞ்சியது, ஒலி அழிந்தது; இன்று ஒலி எஞ்சுகின்றது, பெயர் அழிகின்றது.

பாட்டுக்களைச் சேமித்து ஏந்திச் செல்லுங் கையடக்கக் கருவி எதனையும் இக்கட்டுரையில் இசைப்பேழை எனக் குறிப்பாம். ஐபொட், எம்.பி.3 இயக்கி, மெமரிக் காட் பொருத்திய கைத்தொலைபேசி ஆகிய யாவும் இதனுள் அடங்கும். ஓர் இசைப்பேழையைப் பல கணினிகளோடு இணைக்குங்கால் எழுஞ் சிக்கல்கள் யாவை, அவற்றின் காரணம் யாது, அவற்றைத் தவிர்க்கும் வழி யாது என்பவற்றை முறையே ஆராய்வாம். எடுத்துக்காட்டுக்கு மட்டக்களப்பின் வடபாலுள்ள மாங்கேணியைக் கொள்வாம். வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் கரையோரச் சாலையில், காயான்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையே அமைந்தது அவ்வூர். கேணி என முடியும் இம்மூன்று பெயர்களும் நீர்நிலை நாடிக் குடியமர்ந்தோர் இட்டவை போலும். கரையோர வேடர் மரபினர் வாழும் பகுதியுமாகலின், ஏட்டில் எழுதாது வாய்வழியே வழங்குஞ் சடங்குப் பாடல்களுக்கு அது நிலைக்களனாகும்.

ஏந்திச் செல்லும் இசை

எடிசன் 1877ஆம் ஆண்டிற் கண்டறிந்த ஒலிப்பொறி முப்பதாண்டுகளுள் நம் கிழக்கிலங்கைக் காடுகளை எட்டிவிட்டது. 1907–1908ஆம் ஆண்டுகளில் வேடர் வாழ்வை ஆராய வந்த சார்லஸ் செலிக்மன், அவர் துணைவியார் பிரெண்டா செலிக்மன் ஆகிய இருவரும் மெழுகுருளைகளில் வேடர் பாடல்களைப் பதிந்தனர். 1911ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் நூலில், அப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்த சி. எஸ். மையர்ஸ் என்னும் உளவியலறிஞர் இசை பற்றித் தனி இயல் ஒன்று எழுதினார். மெழுகுருளை ஒவ்வொருமுறை இயக்கும்போதும் சிறிது தேயும், எளிதில் உடையும். எனினும் அப்பதிவுகள் இலண்டன் பிரித்தானிய நூலகத்தைச் சேர்ந்து இன்றும் நிலைத்துள்ளன. அவை பிழைத்தமைக்குக் காரணம் பொருளின் உறுதியன்று. எங்கே, எப்பொழுது, எவர் பதிந்தது என்னும் குறிப்போடு ஓரிடத்திற் பேணப்பட்டமையேயாம்.

1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனத்தார் ஒலிநாடாப் பேழையை வெளியிட்டனர். 1979ஆம் ஆண்டில் சோனி நிறுவனத்தாரின் வோக்மன் தோன்றியது. இசை வீட்டு மூலையை விட்டு மனிதனோடு நடக்கத் தொடங்கியது அப்பொழுதேயாம். ஒலிநாடாவிற்கு ஒரு குறையும் ஒரு நிறையும் இருந்தன. படியினின்று படி எடுக்குந்தோறும் இரைச்சல் மிகுந்து பாட்டு மங்கியது, இது குறை. பேழையின் அட்டையிலே பாடியவர் பெயரையும் நாளையும் உடையவர் தம் கையால் எழுதி வைத்தார், பாட்டும் பெயரும் ஒரு பெட்டிக்குள் உடனுறைந்தன, இது நிறை.

எண்முறைப் பதிவு அக்குறையை நீக்கியது. இறுவட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 முறை ஒலியின் அளவு எண்ணாகப் பதியப்படுகின்றது. எண்ணைப் பார்த்து எண்ணை எழுதினால் நூறாவது படியும் முதற்படியை ஒத்திருக்கும். ஆனால் இவ்வாறு பதிந்த இரு தட ஒலி ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ பத்தரை மெகாபைற்று இடம் கொள்ளும். செவி எளிதில் உணராத நுணுக்கங்களைக் களைந்து, அதனைப் பத்தில் ஒரு பங்களவாகச் சுருக்கும் முறை 1993ஆம் ஆண்டிற் சருவதேச நியமமாக வெளியிடப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அதற்கு எம்.பி.3 என்னும் கோப்புக்குறி சூட்டப்பட்டது. 2001ஆம் ஆண்டு ஒற்றோபர் 23ஆந் தேதி அப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட முதல் ஐபொட் 5 கிகாபைற்றுக் கொள்ளளவில் ஆயிரம் பாட்டுக்களைச் சட்டைப்பைக்குள் அடக்கியது. குறை நீங்கியதுடன் நிறையும் நீங்கிற்று என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. பெயரெழுதும் அட்டை மறைந்தது.

ஒரு பேழைக்கு ஒரு கணினி

ஐபொட்டுக்குப் பாட்டை ஏற்றும் மென்பொருள் ஐரியூன்ஸ் எனப்பட்டது. அது வகுத்த நெறி எளியது: கணினியில் உள்ள தொகுதியே மூலம், ஐபொட் அதன் நிழல். மூலத்திற் பாட்டைச் சேர்த்தால் நிழலிற் சேரும். மூலத்தில் நீக்கினால் நிழலிலும் நீங்கும். இதனை ஒத்திசைத்தல் என்பர். ஒரு கணினி மட்டும் உடையவர்க்கு இதனினும் வசதியான முறை வேறில்லை.

இடர்ப்பாடு இரண்டாவது கணினியோடு தொடங்கிற்று. வீட்டுக் கணினியில் நிரப்பிய ஐபொட்டை ஒருவர் அலுவலகக் கணினியோடு இணைத்தால், அக்கணினி அதனைத் தன் நிழலாக்க முற்படும். முன்னுள்ளவற்றை அழித்து, இங்குள்ளவற்றால் நிரப்பவோ என்று வினவும். வினாவின் பொருளை உணராது உடன்பட்டவர் ஒரே நொடியிற் பேழை முழுவதையும் இழந்தனர். மூலம் வீட்டிலிருப்பின் இழப்பு ஈடுசெய்யத்தக்கதே. வீட்டுக் கணினி முன்னரே பழுதாகியிருப்பின் இழந்தது இழந்ததேயாம்.

இந்நெறிக்கு இரு காரணங்கள் உள. முதலாவது பொறியியலெளிமை, எது மூலம் என்னும் ஐயத்திற்கு இடமின்மையால் முரண்பாடு எழுவதில்லை. இரண்டாவது வணிகத்தாரின் அச்சம். ஐபொட் கணினிக்குக் கணினி பாட்டைக் கொண்டு செல்லுமாயின் இசைத்தட்டு விற்பனை கெடுமென்று இசை நிறுவனத்தார் அஞ்சினர். 2003ஆம் ஆண்டில் அப்பிள் தொடங்கிய இணைய விற்பனை நிலையத்தில் வாங்கிய பாட்டுக்கள் பூட்டிடப்பட்டிருந்தன. அவற்றை முதலில் மூன்று கணினிகளிலும், 2004ஆம் ஆண்டு முதல் ஐந்து கணினிகளிலும் மட்டுமே இயக்க இயன்றது. 2009ஆம் ஆண்டில் இசைக்கு இட்ட பூட்டு நீக்கப்பட்டது.

தன் விருப்பப்படி ஏற்றவும் நீக்கவும் விரும்புவோர்க்கு, தானே ஒத்திசைத்தலை நிறுத்திக் கையால் நிருவகிக்கும் வழியும் ஐரியூன்ஸில் இருந்தது. எனினும் ஐபொட்டின் உட்புறம் வியப்புக்குரியது. பாட்டுக்கள் யாவும் மறைவான ஓர் உறையிலே பொருளற்ற நான்கெழுத்துப் பெயர்களோடு இடப்பட்டிருந்தன. எப்பெயர்க்கோப்பு எப்பாட்டு என்பதை வேறொரு தரவுத்தளம் அறிந்திருந்தது. அத்தளம் பழுதுறின் ஆயிரம் பாட்டும் அங்கேயே கிடக்கும். எதுவும் இன்னதென்று தெரியாது. அப்பொழுது துணைசெய்தது ஒன்றே: பாட்டுக் கோப்பின் உள்ளேயே பொதிந்து வைத்த விவரச்சீட்டு. இதனைப் பின்னர் விரித்துரைப்பாம்.

ஐபொட்டின் இறுதி வகை 2022ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதனோடு சிக்கலும் ஒழிந்ததென எண்ணுதல் தவறு. கைத்தொலைபேசியும் மெமரிக் காட்டும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. இவற்றை எக்கணினியோடு இணைத்தாலும் அக்கணினி எழுதலாம், அழிக்கலாம். அங்கே கட்டு மிகுதி. இங்கே கட்டின்மை மிகுதி. முன்னது பேழையைத் திடீரென வெறுமையாக்கியது. பின்னது அதனைச் சிறிது சிறிதாகக் குழப்புகின்றது.

ஒத்திசைத்தலின் மூவகை

குழப்பத்தைத் தவிர்க்க விரும்புவோர் ஒத்திசைத்தலின் மூவகையைத் தெளிய அறிதல் வேண்டும்.

முதலாவது நிழல்முறை. மூலத்தில் உள்ளதெல்லாம் படியில் இருக்கும். மூலத்தில் இல்லாதது படியினின்று நீக்கப்படும். இரண்டாவது சேர்ப்புமுறை. மூலத்திற் புதியது படிக்குச் செல்லும், எதுவும் நீக்கப்படாது. மூன்றாவது இருவழிமுறை. இரண்டு இடங்களும் சமம். எங்கே மாறினாலும் மற்றையதும் மாறும்.

இவற்றுள் இருவழிமுறை எளிதுபோலத் தோன்றினும் உள்ளே கடினமானது. பாடசாலைக் கணினியில் ஒரு பாட்டு உளது. தொலைபேசியில் அஃது இல்லை எனக் கொள்வாம். இதற்கு இரு விளக்கங்கள் உண்டு. பாடசாலையில் அப்பாட்டு புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். அவ்வாறாயின் தொலைபேசிக்கு அதனை அனுப்புதல் வேண்டும். அன்றித் தொலைபேசியில் வேண்டுமென்றே அது நீக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறாயின் பாடசாலையிலும் நீக்குதல் வேண்டும். இன்றைய நிலை இரண்டையும் மட்டும் நோக்கி இவற்றுள் எது உண்மை எனத் துணிதல் எவராலும் இயலாது. நேற்றைய நிலை எழுதி வைக்கப்பட்டிருந்தாலன்றி விடையில்லை. நல்ல இருவழி மென்பொருள்கள் அத்தகைய பதிவேட்டைத் தம்முள் வைத்துக்கொள்கின்றன. கையால் படி எடுப்போரிடம் அப்பதிவேடு இல்லை. ஆகவேதான் நீக்கிய பாட்டு மீண்டும் மீண்டும் தோன்றுவதும், வேண்டிய பாட்டு காணாமற்போவதும் நிகழ்கின்றன.

இரு கோப்புக்கள் ஒன்றேயோ அல்லவோ என்பதை அறியவும் வழியுண்டு. கோப்பில் உள்ள எண்கள் அனைத்தையும் ஒரு கணித விதிக்கு உட்படுத்தி ஒரு குறும் எண்ணைப் பெறலாம். இது மனிதரின் விரற்குறி போன்றது. ஒரு துணுக்கு மாறினும் விரற்குறி முற்றாக மாறிவிடும். பெயர் வேறாயினும் விரற்குறி ஒன்றாயின் கோப்பு ஒன்றே. ஆனால் விவரச்சீட்டிற் பெயரைத் திருத்தினாலும் விரற்குறி மாறும் என்பதை மறத்தலாகாது. ஒரே பாட்டின் சீட்டை மூன்று கணினிகளில் மூன்றுபேர் மூன்றுவிதமாகத் திருத்தின், ஒரு பாட்டு மூன்றாகப் பெருகும். எனவே திருத்தும் உரிமை ஓரிடத்திற்கே இருத்தல் வேண்டும்.

விவரச்சீட்டும் தமிழும்

எம்.பி.3 கோப்புக்குப் பெயரெழுதும் வழக்கம் 1996ஆம் ஆண்டிலே தோன்றியது. கோப்பின் இறுதியில் 128 பைற்று அளவான இடம் ஒதுக்கி, அதிற் பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30 எனப் பங்கிட்டனர். இசைவகைக்கு எண்பது பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. அப்பட்டியலில் வடமோடிக்கும் தென்மோடிக்கும் இடமில்லை.

இம்முறை உரோம எழுத்தைக் கருதி அமைந்தது. உரோம எழுத்தொன்று ஒரு பைற்றில் அடங்கும். யூனிக்கோட் முறையின் யூ.ரி.எப். 8 வடிவிலோ தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைற்று வேண்டும். அன்றியும் நாம் ஓரெழுத்தாகக் கொள்ளும் உயிர்மெய் கணினிக்கு இரு குறிகளாகும்; 'மா' என்பது மகரமும் காலுமாக இரண்டு. இதன்படி 'மாங்கேணி' என்னும் நான்கெழுத்துப் பெயர் எட்டுக் குறிகளாகி 24 பைற்றுப் பெறும், முப்பதுக்குள் அடங்கும். 'மட்டக்களப்பு' என்னும் எட்டெழுத்துப் பெயரோ பன்னிரண்டு குறிகளாகி 36 பைற்றுப் பெறும், அடங்காது. ஆதலால் பழைய சீட்டிலே மாங்கேணியை எழுதலாம், மட்டக்களப்பை எழுதலாகாது என்னும் நகைப்புக்குரிய நிலை தோன்றியது. பின்வந்த இரண்டாம் முறைச் சீட்டு இவ்வெல்லையை நீக்கியது, யூனிக்கோட்டுக்கும் இடமளித்தது. இன்று சீட்டெழுதுவோர் இம்முறையையே கைக்கொள்ளுதல் வேண்டும்.

நம் நாட்டிற்கே உரிய இன்னோர் இடர்ப்பாடு பாமினி முதலாய எழுத்துருக்களால் விளைந்தது. அவ்வெழுத்துருக்களிலே தமிழ் வடிவம் கண்ணுக்குத் தோன்றினும், கணினியிற் பதிவது உரோம எழுத்தேயாம். பாமினியில் எழுதிய 'தமிழ்' என்னுஞ் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு உரோம எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். ஒரு கணினியிற் பெயர், மறு கணினியிற் பிதற்றல். இசைப்பேழையின் சிறிய திரையில் எழுத்துருவைத் தெரிந்தெடுக்க வழியில்லாமையால் அப்பெயர் எக்காலும் வாசிக்கப்படாது. பழைய தொகுதி உடையோர் அவற்றை யூனிக்கோட்டுக்கு மாற்றிக்கொள்ளுதல் இன்றியமையாதது.

யூனிக்கோட்டிலும் ஒரு நுட்பம் உளது. 'கொம்பு' என்பதன் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை, கணினிக்கு உண்டு. முன்னைய அப்பிள் கணினிகளின் கோப்பு முறைமை பெயரைப் பிரித்தே பதிந்தது. ஏனையவை பெரும்பாலும் சேர்த்தே பதிந்தன. ஆகவே 'கொம்பு விளையாட்டு' எனப் பெயரிட்ட ஒரு பாட்டு இருவகைக் கணினிகளுக்கிடையே சென்று மீளும்போது, ஒரே பெயருடைய இரு கோப்புக்களாகத் தோன்றுதல் கூடும். அத்தகைய இரட்டைகளைக் கண்டவிடத்து அவசரப்பட்டு ஒன்றை அழித்துவிடாது, விரற்குறியை ஒப்பிட்டு நோக்கிய பின்னரே நீக்குதல் தக்கது.

கூத்தும் கொள்ளளவும்

இசைப்பேழைகள் மூன்று நான்கு நிமிடங்களில் முடியும் பாட்டைக் கருதி ஆக்கப்பட்டவை. மட்டக்களப்பின் கலையோ அவ்வாறு சிறுதுண்டாக அமைந்ததன்று. வட்டக்களரியில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, வரவு தொடங்கி வாழி வரை இரவு முழுவதும் நிகழ்வது கூத்து. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இக்கூத்துக்களைச் செம்மைப்படுத்தி மேடையேற்றியபோது, நகர அவைக்கேற்ப அவற்றின் காலத்தைச் சுருக்க நேர்ந்தது. பதிவு செய்வோர்க்கு அத்தேவை இல்லை; முழுமையாகப் பதியலாம்.

எட்டு மணி நேரக் கூத்தொன்றை இறுவட்டின் தரத்திற் சுருக்காது பதிந்தால், 480 நிமிடத்திற்கு ஏறத்தாழ 5,080 மெகாபைற்று ஆகும். ஆயிரம் பாட்டுக் கொண்ட முதல் ஐபொட்டை ஒரேயொரு கூத்து நிரப்பிவிடும். அதற்கு மேலும் ஒரு தடையுண்டு. மெமரிக் காட்டுக்களிலும் பென் டிரைவுகளிலும் வழங்கும் பாற் 32 என்னும் முறைமை, 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. மேற்கூறிய தரத்தில் ஆறேமுக்கால் மணி நேரத்தில் அவ்வெல்லை வந்துவிடும். மாலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய பதிவு, எச்சரிக்கை இல்லாத கருவியில், விடியற்காலை மூன்றே முக்கால் மணியளவில் நின்றுபோகலாம். கூத்தின் முடிவு பதிவில் இராது. ஆதலின் மணிக்கு ஒன்றாகக் கோப்பைப் பிரித்துப் பதிதல் நன்று.

கேட்பதற்கு எம்.பி.3 போதும், அதே கூத்து 460 மெகாபைற்றளவில் அடங்கும். ஆயின் சுருக்கியபோது களைந்த நுணுக்கம் மீளாது. எம்.பி.3 கோப்பைத் திருத்தி மீண்டும் எம்.பி.3 ஆகச் சுருக்குந்தோறும் ஒலி மேலும் நலிவுறும். ஒலிநாடாவின் பழைய குறை இவ்வழியே திரும்பி வருகின்றது. எனவே சுருக்காத பதிவு காப்பதற்கு, சுருக்கியது கேட்பதற்கு எனப் பிரித்துக்கொள்ளுதல் நெறியாகும். 1969ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சருவதேச ஒலி, ஒளிக் காப்பகச் சங்கத்தாரும் காப்புப் படியைச் சுருக்காது வைக்கவே அறிவுறுத்துகின்றனர்.

மாங்கேணியில் ஒரு பதிவு

மேற்கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டிற் பொருத்திப் பார்ப்பாம். மாங்கேணியில் ஒரு சடங்கிலே பாடப்பெற்ற பாட்டை மாணவன் ஒருவன், மூத்தோர் இசைவு பெற்றுத் தொலைபேசியிற் பதிகின்றான் எனக் கொள்க. பாடசாலையில் ஒரு கணினி உளது. வாழைச்சேனையிற் 'கொமினிகேசன்' என வழங்குங் கடையிலே மற்றொன்று. வெளிநாட்டில் வாழும் உறவினரிடம் இன்னொன்று. பேழை ஒன்று, கணினி மூன்று. அவன் செய்யத்தக்கன இவை.

முதலில், எது மூலத்தொகுதி என்பதைத் துணிதல் வேண்டும். பாடசாலைக் கணினியே மூலம் என வைத்துக்கொள்வாம். பெயர் திருத்துதல், நீக்குதல், வகைப்படுத்தல் ஆகியன அங்கு மட்டுமே நிகழும். ஏனைய இரு கணினிகளும் தொலைபேசியும் படிகளேயாம்.

இரண்டாவதாக, பதிந்த கோப்பை அன்றே அல்லது மறுநாளே மூலத்திற்குக் கொண்டுவருதல் வேண்டும். வந்த கோப்பை இயக்கிக் கேட்டு, விரற்குறி ஒத்துளதா எனப் பார்த்த பின்னரே தொலைபேசியில் அதனை நீக்கலாம். வாட்ஸப் வழியே அனுப்புவதாயின் குரற்செய்தியாகப் பதிந்து அனுப்பலாகாது. ஆவணமாக இணைத்தனுப்பின் கோப்பு மாறாது சேரும்.

மூன்றாவதாக, பெயரிடுதல். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள், ஊர், நிகழ்ச்சி, பகுதி எண் என்னும் முறையில் அமைதல் நன்று. கணினி இடமிருந்து வலமாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதால், ஆண்டு முன்னிற்பின் கோப்புக்கள் கால அடைவில் நிற்கும். பத்தாம் பகுதி இரண்டாம் பகுதிக்கு முன் வந்துவிடாதிருக்க 02, 10 என இரு இலக்கமாக எழுதுதல் வேண்டும். பாடியவர், மத்தளம் அடித்தவர், பதிந்தவர், பாட்டின் சூழல் ஆகியவற்றை விவரச்சீட்டில் யூனிக்கோட்டில் எழுதி, எளிய உரைக்கோப்பொன்றிலும் எழுதி உடன் வைத்தல் சிறந்தது. ஒன்று பழுதுறினும் மற்றொன்று பேசும்.

நான்காவதாக, கேட்பதற்குரிய எம்.பி.3 படிகளை மூலத்திலிருந்து தொலைபேசிக்குச் சேர்ப்புமுறையில் ஏற்றுதல் வேண்டும். நிழல்முறையைக் கைக்கொள்ளின், அன்று காலை புதிதாகப் பதிந்து இன்னும் மூலத்திற்கு வராத பாட்டும் அழிந்துவிடும்.

ஐந்தாவதாக, பிறர் கணினியோடு இணைக்குங்கால் எச்சரிக்கை வேண்டும். பலர் வந்துபோகும் கடைக்கணினிகளில் வைரசுகள் மலிந்திருத்தல் இயல்பு. கடைக்குக் கொண்டுசெல்வதற்குத் தனியான ஓர் அட்டை வைத்து, மூலப்பதிவுள்ள அட்டையை ஒருபோதும் அங்கே பொருத்தாதிருத்தலே காப்பு. வெளியிலிருந்து வரும் பாட்டுக்களை நேரே மூலத்திற் கலவாது, 'வரவு' எனப் பெயரிட்ட தனி உறையில் இட்டு, ஆராய்ந்த பின் சேர்த்தல் வேண்டும்.

ஆறாவதாக, ஒரு படி போதாது. மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேற்றூரில் என்னும் விதியைப் பீற்றர் குரோ என்னும் ஒளிப்படக் கலைஞர் பரவச் செய்தார். மெமரிக் காட்டு மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தி எண்ணைக் காக்கின்றது. அவ்வேற்றம் ஆண்டுக்கணக்கிற் கசியவுங் கூடும், ஒரு நாள் திடீரெனச் செயலிழக்கவுங் கூடும். கருவியின் பழுது மட்டுமோ? 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியையும், 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆந் தேதிய ஆழிப்பேரலையையும், 2006–2007ஆம் ஆண்டுகளில் வாகரைப் பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்ததையும் கண்ட கரை இது. வீட்டைவிட்டு ஓடுவோர் கணினியைத் தூக்கிச் செல்வதில்லை. வேற்றூரில் ஒரு படி என்னும் விதியின் பொருளை இக்கரையோர மக்களுக்கு எவரும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. வெளிநாட்டு உறவினரின் கணினி இவ்வகையில் ஒரு வரமேயாம். 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் தொகுத்துவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றிடம் ஒரு படியை ஒப்படைத்தலும் தக்கதே.

ஏழாவதாக, உரிமை பற்றி ஒரு சொல். விலைக்கு வாங்கிய பாட்டைப் பலர்க்கும் படியெடுத்து வழங்குதல் சட்டத்திற்கு மாறாகும். ஊர்ப்பாட்டு எவர்க்கும் உரியதன்று என எண்ணுதலும் பிழை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. சட்டத்தினும் மேலானது மூத்தோர் இசைவு. சடங்கிற் பாடுவனவற்றுள் புறத்தே ஒலிக்கத் தகாதன உண்டாயின், அதனையும் சீட்டிலே குறித்து வைத்தல் பதிந்தவன் கடனாகும்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். இசைப்பேழை வண்டியேயன்றிக் களஞ்சியமன்று. வண்டி பல ஊர் செல்லலாம். நெல் இருக்குமிடம் ஒன்றாதல் வேண்டும். எக்கணினி களஞ்சியம், எவ்வழி வரவு, எவ்வழி செலவு என்பதை முன்னரே துணிந்தவர்க்குக் கணினி பத்தாயினும் குழப்பமில்லை. துணியாதவர்க்கு இரண்டே மிகுதி. ஐபொட்டை ஆக்கியோர் இவ்வுண்மையைக் கருவிக்குள்ளே கட்டளையாக வைத்தனர். இன்றைய கருவிகள் அக்கட்டளையை இடாமையால், அதனை நாமே நமக்கு இட்டுக்கொள்ளல் வேண்டும்.

கல்லூரி மாணவர் கையில் இன்றுள்ள தொலைபேசிகளில் எத்துணைக் கூத்துக்களும், வசந்தன் பாடல்களும், கண்ணகியம்மன் குளிர்த்திப் பாடல்களும் பெயரின்றிக் கிடக்கின்றன என்பதை அவரவரே அறிவர். பாடிய அண்ணாவிமாரும் முதியோரும் வாழும் இக்காலத்திலேயே இது யார் குரல், எவ்வூர், எந்நாள் என வினவி எழுதிவைத்தல் எளிது. அவர் மறைந்தபின் அது யாழ்நூல் செய்தற்கொத்த அரிய செயலாகிவிடும். அடிகளார் போன்ற அறிஞர் தலைமுறைக்கொருவர் தோன்றுவர் என்பதற்கு உறுதியில்லை. ஆகலின், அடுத்த விடுமுறையில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, தத்தம் பேழையிலுள்ள பாட்டுக்களுக்குப் பெயரிட்டு ஒரு படியெடுத்து வைப்பாராயின், அதுவே இம்மண்ணின் இசைக்கு மாணவர் ஆற்றத்தக்க நற்பணியாகும்.